குடும்பப் பதிப்பு

குரங்கின் மேல் ஆலங்குறிச்சிக்காரர்களுக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளியூரில் போய் விசாரித்தால், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரிணாமப் பாடம் நின்றுபோனது பக்தியினால்தான் என்று அடித்துச் சொல்வார்கள். அட போங்கப்பா, பக்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாமி பாட்டுக்குக் கோயிலில் இருந்தது.

நடந்தது ஒரு பெற்றோர் கூட்டத்தில். புவனசுந்தரி டீச்சர் அப்போது நாற்பது வயதைத் தாண்டியவர், ஆலங்குறிச்சி மேல்நிலைப்பள்ளிக்கு விலங்கியல் ஆசிரியையாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகவே கேட்டார். மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொல்லிக்கொடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கீழத்தெருக்காரனும் அதே குரங்கிலிருந்து வந்தவன் என்று எங்கள் பிள்ளைக்கு எப்படிச் சொல்லலாம்? டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. அதோடு விடாமல், யாரும் குரங்கிலிருந்து நேராக வரவில்லை, குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்று விளக்கம் வேறு கொடுத்தார். அந்தப் 'பொதுவான' என்ற சொல்தான் வினையாகப் போய்விட்டது. கீழத்தெருக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். மேலத்தெருவோடு ஒரே மூதாதையா, எங்களுக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டார்கள்.

மேலத்தெரு யாக நெருப்பிலிருந்து வந்தது. கீழத்தெரு புற்றிலிருந்து வந்தது. ஏரிக்கரைக்காரர்கள் தாமரை. சர்ச் தெருவில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் ஓய்வு. இப்படி மாநிலம் முழுக்க எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொரு வழி தேறியது. எல்லா ஊரிலும் இதே சண்டை. கடைசியில் அரசாங்கம் யார் மனசும் நோகாத ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது. அதற்குத்தான் குடும்பப் பதிப்பு என்று பேர்.

புத்தகமெல்லாம் அதற்கு முன்பே ஒழிந்து, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு பாடப்பலகை வந்திருந்தது. சிலேட்டு அளவுதான். எழுத்தைக் காட்டும், படம் காட்டும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும். அந்தப் பலகைக்குப் பிள்ளையின் குடும்பம் எந்த வழி என்று சொல்லிவிட்டால் போதும், உயிரியலில் ஏழாம் பாடத்தை மட்டும் அந்த வீட்டுக்குத் தகுந்தபடி அதுவே எழுதிக் கொடுத்துவிடும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு வேறு ஏழாம் பாடம். பொதுத்தேர்வு வினாத்தாளும் அப்படியே, அவரவர் வழிக்கு அவரவர் வினாத்தாள். வழியை யார் முடிவு செய்வது? தாசில்தார் கொடுக்கிற தோற்றச் சான்றிதழ். தாசில்தாருக்கு யார் சொல்வது? அந்தந்த வழிச் சங்கத்தின் கடிதம்.

பரிணாமப் பதிப்பும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது பரிணாமக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும். தாத்தா காலத்திலிருந்தே சாமி கும்பிடாத குடும்பம் என்று பகுத்தறிவாளர் சங்கம் கடிதம் கொடுக்க வேண்டும். அவர்களும் பரம்பரை பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஏழாம் பாடம் நடக்கும்போது ஆசிரியர் வகுப்புக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. வாய் தவறி எதையாவது சொல்லிவிட்டால் முப்பது வழிக்காரர்கள் வழக்குப் போடுவார்களே. அதனால் வருஷத்தில் நான்கு பீரியட் புவனா டீச்சர் வராந்தாவில் நிற்பார். உள்ளே நாற்பது பிள்ளைகள் நாற்பது பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வருஷம் அவருக்கு அழுகை வந்தது. மூன்றாவது வருஷம் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அப்புறம் பிளாஸ்கில் டீ. இப்படிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. தன்னை நினைத்தால் அவருக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, யாரும் சண்டைக்கு வரவில்லை.

பன்னிரண்டாவது வருஷம்தான் நிறைமதி வந்தாள்.

அவளுடைய அப்பா வெயிலுமுத்து மேலத்தெரு, லோடு வண்டி ஓட்டுகிறவர். அம்மா அங்கம்மா கீழத்தெரு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். திரும்பி வந்தபோது இரண்டு தெருவிலும் இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். நெருப்பு வழிச் சங்கம் வெயிலுமுத்து பெயரை அப்போதே அடித்துவிட்டது. புற்று வழிச் சங்கமோ, பெண் கொடுத்தால் அவள் பிள்ளைக்கு எங்கள் வழி போகாது, அதுவும் இப்படிப் போன பெண்ணுக்கு எந்தக் கணக்கில் கடிதம் கொடுப்பது என்று கைவிரித்தது. பகுத்தறிவாளர் சங்கத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே உட்காரவைத்து அன்பாகப் பேசி, வெயிலுமுத்துவின் அப்பா படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நெற்றியில் பட்டை இருந்தது. வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே நிறைமதியின் பலகையில் ஏழாம் பாடம் திறக்கவில்லை. 'சான்றிதழை இணைக்கவும்' என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. பாடம் போனால் போகட்டும். சான்றிதழ் எண் இல்லாமல் ஹால் டிக்கெட்டும் வராது. பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பிள்ளை, பன்னிரண்டு வருஷம் படித்ததெல்லாம் வீணாகி வீட்டில் உட்கார வேண்டியதுதான். தலைமையாசிரியர் அருளாந்து நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். இதில் நாம் தலையிட முடியாது டீச்சர், வேண்டுமானால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் மட்டும் இந்தப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு தாத்தா முளைத்துவிடுவாரா என்று டீச்சர் கேட்டதற்கு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

டீச்சர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறினார். அங்கே பதிப்பு அலுவலர் என்று ஒருவர் இருந்தார், மயில்வாகனன் என்று பேர். மேஜை முழுக்கக் கோப்பு. டீச்சர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எம்மா, இந்தப் பலகைக்குள்ள முப்பத்தொரு குறியீடு இருக்கு. ஏதாவது ஒண்ணைப் போட்டாத்தான் அது பேசும். ஒண்ணுமே போடலேன்னா, யாருக்குப் பாடம் சொல்றோம்னு அதுக்குப் புரியாது. வாயை மூடிக்கும்."

"அப்ப முப்பத்திரண்டாவதா ஒண்ணு போடுங்களேன் சார்."

"என்னன்னு போட?"

"தெரியாதுன்னு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதுங்கறது ஒரு தோற்றமாம்மா?"

"உள்ளதுலயே யோக்கியமான பதில் அதுதான் சார். முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா இன்னைக்கும் விஞ்ஞானம் அதைத்தான் சொல்லும். தெரியாதுன்னு சொல்லிட்டுத் தேடப் போனவங்கதான் மத்ததை எல்லாம் கண்டுபிடிச்சாங்க."

இந்த வாதம் மயில்வாகனனின் மனசைத் தொட்டதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். தொடவில்லை. டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய இன்னொரு காகிதம்தான் தொட்டது. அது திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கு எழுதி வைத்திருந்த மனு. அதைப் பார்த்ததும் அவர், அங்கே எல்லாம் எதுக்கும்மா போய்க்கிட்டு என்று சொல்லிக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பினார். குறியீடு 32, தெரியாதோர். பத்து நிமிஷ வேலை.

கிளம்பும்போது டீச்சருக்கு ஒரு சந்தேகம். முப்பத்திரண்டுக்கு யாரும் பதிப்பு எழுதவில்லையே, ஏழாம் பாடத்தில் என்ன வரும் என்று கேட்டார்.

"மூலம்தான் வரும். மத்தது எல்லாம் அதை வெட்டி ஒட்டினதுதானே" என்றார் மயில்வாகனன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

மூலம் வந்தது. நாற்பத்தாறு பக்கம். பாறைக்குள் கிடந்த எலும்புகள், ஒரு காலத்தில் நரி அளவே இருந்த குதிரை, கால் இல்லாத திமிங்கலத்தின் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் இடுப்பெலும்பு, கடைசியில் கிளைகிளையாகப் பிரிந்த ஒரு பெரிய மரப்படம். குடும்பப் பதிப்பு நடக்கும்போதுதானே ஆசிரியர் வெளியே போக வேண்டும்? முப்பத்திரண்டுக்குப் பதிப்பே இல்லை, ஆகவே சுற்றறிக்கையும் பொருந்தாது. டீச்சர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நிறைமதியைக் கூப்பிட்டார். பதினோரு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்ததை எல்லாம் நான்கு பீரியடில் கொட்டிவிட்டார். இரண்டாவது நாளே ஜன்னலில் பத்துத் தலை தெரிந்தது. டீச்சர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

மரப்படத்தை அந்தப் பெண் ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு தெருவுக்கு நடுவில், எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காராமல் வளர்ந்த பிள்ளை.

"நான் யார்கூடவும் ஒட்டாதவள்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் டீச்சர்" என்றாள். "இதுல எல்லார்கூடவும் ஒட்டியிருக்கேன்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வாத்தியார் வேலைக்கு வந்தேன் என்று அன்றைக்கு அவர் நினைத்தார்.

நிறைமதி உயிரியலில் நூற்றுக்கு நூறு. நுழைவுத்தேர்வுக் கேள்விகளும் மூலத்திலிருந்தே வந்திருந்ததால் அதிலும் மாவட்டத்தில் முதல். அரசு மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்தது.

ஒரு பிள்ளை சென்டம் எடுத்துவிட்டால் நம் ஊர் சும்மா இருக்குமா? எந்த டியூஷன், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், வல்லாரை சாப்பிட்டாளா என்று வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை, அந்தப் பிள்ளை தெரியாதோர், அதற்கு வேறு பாடம், வேறு வினாத்தாள் என்று தெரிந்தது. அவ்வளவுதான். ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. மூவாயிரம் வருஷமாக யாக நெருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த மேலத்தெரு, ஒரே வாரத்தில் தான் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சுத்தமாக மறந்துபோனது. அன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்ட பெரியவரின் பேத்திதான் வரிசையில் முதல் ஆள். புவனா டீச்சர் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

தாசில்தாருக்குத் தலைவலி. இத்தனை பேருக்குமா தெரியாது? உண்மையிலேயே தெரியாதவர் யார், மார்க்குக்காகத் தெரியாதவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? மேலிடத்தைக் கேட்டார். மற்ற முப்பத்தொன்றுக்கும் உள்ள நடைமுறையே இதற்கும் என்று பதில் வந்தது. அதாவது சங்கக் கடிதம். தெரியாதோருக்குச் சங்கம் இல்லையே என்றால், ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

வெயிலுமுத்துதான் முதல் தலைவர். வேறு யார் இருக்கிறார்கள்? ஆலங்குறிச்சியிலேயே அசல் தெரியாதோர் குடும்பம் அது ஒன்றுதான். இருபது வருஷமாக ஒரு கல்யாண வீட்டிலும் வெற்றிலை பாக்குக் கொடுத்து வா என்று அழைக்கப்படாத மனுஷனுக்கு, மேடையில் நடு நாற்காலி கிடைத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். முதல் கூட்டத்தில் அவர் பேச எழுந்து, பேச வராமல் அழுதார். புவனா டீச்சரும் கீழே உட்கார்ந்து அழுதார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அப்புறம் ஐந்து வருஷம் போனது. டீச்சர் பணி ஓய்வு பெற்றார். சங்கம் வளர்ந்தது. போலித் தெரியாதோரைக் களையெடுக்க ஒரு குழு, பெண் மாப்பிள்ளை பார்க்க ஒரு குழு, ஆடியில் ஒரு மாநாடு. இதெல்லாம் டீச்சர் காதில் விழத்தான் செய்தது. எந்தச் சங்கத்தில்தான் இல்லை என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிறைமதி வந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் இளவழுதியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. பையன் தங்கமானவன். கீழத்தெரு, புற்று வழி. அப்பா முடியவே முடியாது என்கிறாராம். தலைவர் வீட்டுப் பெண்ணே வெளியே போனால் சங்கம் என்ன ஆகும் என்கிறாராம்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கப்பா அம்மா கல்யாணமே எப்படி நடந்தது, நீயும் பதிவு அலுவலகம் போக வேண்டியதுதானே, சாட்சிக்கு நான் வருகிறேன் என்றார்.

"மாட்டேன் டீச்சர்." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஓடிப்போனவங்க பிள்ளையா வளர்ந்தவ நான். அது என்னன்னு எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு அது வேண்டாம். அப்பா சம்மதிச்சாத்தான். நீங்க சொன்னா கேப்பாரு, ஒரு தடவை வந்து சொல்லுங்க."

அன்று சாயங்காலமே டீச்சர் சங்க அலுவலகத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் சுவரில் அவருடைய பெரிய படம். சரம் சரமாக மாலை, மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே என்று டீச்சர் பதறிப்போனார்.

"சாமி படத்துக்கும் மாலைதானே டீச்சர் போடுவோம்" என்றார் வெயிலுமுத்து. குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். உண்மையான பக்தி.

உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, ஒரு புதுப் பலகையை நீட்டினார். முப்பத்திரண்டாம் பதிப்பு, இந்த வருஷம்தான் அரசு ஒப்புதல் கிடைத்திருக்கிறது, உங்களிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்றிருந்தேன் என்றார். அந்தப் பழைய மூலத்தை எதிர்த்துச் சங்கம்தான் மனுக் கொடுத்ததாம். அதில் தெரியாதோருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவான மூதாதை என்று போட்டிருக்கிறதாம். பிள்ளைகள் மனசு புண்படுகிறதாம்.

டீச்சர் ஏழாம் பாடத்தைத் திறந்தார். முதல் வரி இப்படி இருந்தது: 'ஆதியில் ஓர் ஆசிரியை இருந்தாள். அவள் தெரியாது என்று சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் நாம் தோன்றினோம்.'

பலகையை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு நிறைமதி விஷயத்தைச் சொன்னார். கெஞ்சியே சொன்னார். வெயிலுமுத்து தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எனக்குத் தெய்வம் டீச்சர்" என்றார் கடைசியில். "ஆனா தெரியாத வீட்டுப் பொண்ணைத் தெரிஞ்ச வீட்டுல எப்படிக் குடுக்குறது? வெளியே குடுக்கக் கூடாதுன்னு பாடத்துலயே இருக்கே."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே வெயிலுமுத்து. நான்தானே அந்த ஆசிரியை. நானே சொல்றேன், குடுக்கலாம்."

அவர் தர்மசங்கடமாகக் கையைப் பிசைந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா பாடத்துல சேர்த்திருப்போம். இப்ப சொன்னா அது திருத்தம் ஆயிடும் டீச்சர். திருத்தத்துக்குச் சங்கத்துல எழுதிக் குடுக்கணும். குழு பாக்கும். என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் நடிக்கவில்லை. அதுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார். பெயர், வயது, முகவரி. விண்ணப்பதாரரின் வழி என்று ஒரு கட்டம் இருந்தது. சங்கத்தாரின் விண்ணப்பத்தை மட்டுமே ஏற்பார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. நிறைமதி பக்கத்தில் இருக்கும்போதுதான் டீச்சர் உறையைப் பிரித்தார். உரக்கப் படிக்கச் சொல்லி அவளிடமே கொடுத்தார். அவள் படித்தாள். குழு விண்ணப்பதாரரின் பணிப் பதிவேட்டை வரவழைத்துப் பரிசீலித்தது. அதன்படி அவர் நெருப்பு வழியைச் சேர்ந்தவர். தன் தோற்றம் தெரிந்திருந்தும் தெரியாது எனக் குறிப்பிட்டது தவறான தகவல். விண்ணப்பதாரர் நம்மவர் அல்லர். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அவள் காகிதத்தை மடிக்கப்போனாள். அடியில், தலைவர் கையெழுத்துக்குக் கீழே, பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அதையும் படித்தாள்.

'டீச்சர் கோபிக்க வேண்டாம். படத்தை எடுக்க மாட்டோம்.'